மறுக்க முடிகிற வேலை

மனத்துக்குப் பிடித்த, பிறருக்குப் பயன்படுகிற வேலையைத் தேர்ந்தெடுப்பதா, நல்ல சம்பளமும் நிலைத்தன்மையும் உள்ள வேலையைத் தேர்ந்தெடுப்பதா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பதிலை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். நான் சுகாதாரத் துறையில் இயங்கும் தொண்டு நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். அதை விட்டுவிட்டு, இன்று ஒரு பெரிய நிறுவனத்தின் தரவுப் பிரிவில், வெளியே சொன்னால் எவருக்கும் ஆர்வம் எழாத வேலையைச் செய்துகொண்டிருப்பவன். இத்தகைய கதைகள் வழக்கமாக எதிர்த்திசையில்தான் சொல்லப்படுகின்றன. கை நிறையக் கிடைத்த சம்பளத்தை உதறிவிட்டு மனம் சொன்ன வழியில் போனவரின் கதையைக் கேட்க எப்போதும் ஆள் உண்டு. அந்த வழியிலிருந்து சம்பளத்துக்குத் திரும்பியவனை, ஒன்று தோற்றுப்போனவன் என்றோ அல்லது விலைபோனவன் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் என்னை எப்படி எடுத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. இரண்டு கரைகளிலும் நின்று பார்த்ததில், இந்தக் கேள்வி தவறான இடத்தில் கோடு கிழிக்கிறது என்ற எண்ணம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு உறுதிப்பட்டு வருகிறது.

கேள்வி கேட்கப்படும் விதத்திலேயே ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கிறது. சில வேலைகளுக்கு இயல்பிலேயே அர்த்தம் உண்டு, மற்றவற்றுக்குச் சம்பளம் மட்டுமே உண்டு என்பது அந்த முன்முடிவு. அமெரிக்க ஆய்வாளர் ஏமி ரெஸ்னெஸ்கியும் அவருடைய சகாக்களும் 1997-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை வேறு விதமாகப் பார்க்க வைக்கிறது. தம் வேலையை வருமானத்துக்கான வழியாக மட்டும் கருதுபவர்கள், படிப்படியாக மேலேறும் பாதையாகக் கருதுபவர்கள், தம் வாழ்க்கையிலிருந்து பிரிக்க முடியாத அழைப்பாகக் கருதுபவர்கள் என்று அவர்கள் 196 ஊழியர்களை வகைப்படுத்தியபோது, மூன்று வகையிலும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் நிர்வாக உதவியாளர்களாக இருந்த 24 பேரைத் தனியே எடுத்துப் பார்த்தபோதும் அதே பங்கீடுதான் தெரிந்தது. 24 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதை வைத்துப் பெரிய கோட்டை கட்டிவிடக் கூடாது. ஆனாலும் ஒரே மாதிரியான மேசையில், ஒரே மாதிரியான கோப்புகளோடு அமர்ந்திருந்தவர்களில் ஒருவருக்கு அது பிழைப்பாகவும் இன்னொருவருக்கு அழைப்பாகவும் இருந்தது என்றால், அர்த்தம் பதவியின் பெயரில் குடியிருக்கவில்லை என்பதாவது தெரிகிறது.

அது எங்கே இருக்கிறது என்பதற்கு ஆடம் கிரான்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஓரளவு விடை தருகிறது. ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்கும் ஊழியர்களில் ஒரு பிரிவினரை, அந்த நன்கொடையால் படிக்கும் மாணவர் ஒருவரோடு சில நிமிடங்கள் பேச வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிரிவினர் தொலைபேசியில் செலவிட்ட நேரமும் திரட்டிய தொகையும் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தன. சம்பளமோ, பேச வேண்டிய வாசகங்களோ மாறவில்லை. தம் உழைப்பு யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள், அவ்வளவுதான்.

தொண்டு நிறுவனத்தில் எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிரானது. நிறுவனத்தின் நோக்கம் உயர்ந்தது என்பதில் அன்றும் இன்றும் எனக்கு ஐயமில்லை. ஆனால் என் நாளின் பெரும்பகுதி, நன்கொடையாளர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வடிவத்தில் கேட்ட அறிக்கைகளை நிரப்புவதிலேயே கழிந்தது. நாங்கள் யாருக்காக உழைத்தோமோ அவர்கள் முகத்தை மாதக்கணக்கில் பார்க்காமலே இருந்திருக்கிறேன். ஆகவே, ஒரு வேலை அர்த்தமுள்ளதா என்று கேட்பவர்களிடம், அந்த வேலையில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, ஒரு சாதாரண நாளில் காலை முதல் மாலை வரை அவர் கை என்ன செய்கிறது என்று கேட்டு வரும்படி சொல்கிறேன். நிறுவனத்தின் நோக்கத்தைக் கேட்டறிவதைவிட இது பயனுள்ளது.

அர்த்தமுள்ள வேலைக்குக் கொடுக்கிற விலை குறைந்த சம்பளம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சம்பளம் குறைவு என்பது சேரும்போதே தெரிகிற செய்தி. அதற்கேற்பச் செலவைச் சுருக்கிக்கொண்டு சேரலாம், அல்லது சேராமல் இருக்கலாம். தெரியாமலே கொடுத்துக்கொண்டிருக்கிற விலை ஒன்று இருக்கிறது. அது மறுக்கும் திறன். எங்கள் பணியிடங்கள் திட்ட நிதியைச் சார்ந்தவை. நிதி ஓராண்டுக்கு வரும், ஒப்பந்தமும் ஓராண்டுக்குத்தான். ஒருவர் விலகினால் அந்த இடம் நிரப்பப்படாமல், அவருடைய வேலை மற்றவர்களுக்குப் பிரிந்து வரும். விடுமுறை நாளில் களப்பணி வரும். இவற்றை யாரும் அதட்டி வாங்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. "நமக்காகவா செய்கிறோம்?" என்ற ஒரு வாக்கியம் போதும், அதற்கு மேல் பேச்சு நகராது. அந்த வாக்கியத்தை என் மேலாளர் என்னிடம் சொன்னதைவிட, நானே எனக்குச் சொல்லிக்கொண்டதும், எனக்குக் கீழே இருந்தவர்களிடம் சொன்னதும்தான் அதிகம். நல்ல காரியத்தில் ஈடுபட்டிருக்கும் ஒருவர் ஓய்வு கேட்பது, அந்தக் காரியத்தின் மீதே நம்பிக்கையில்லாததைப் போல ஆகிவிடுகிறது.

இது எங்கள் நிறுவனத்தின் தனிக் குறை என்று நீண்ட காலம் நினைத்திருந்தேன். பிறகு, பண்டர்சன், தாம்சன் என்ற இரு ஆய்வாளர்கள் உயிரியல் பூங்காக்களில் விலங்குகளைப் பராமரிக்கும் ஊழியர்களைப் பற்றி 2009-இல் எழுதிய ஆய்வைப் படித்தேன். அந்த ஊழியர்களில் பலர் பட்டம் பெற்றவர்கள். ஆனால் சம்பளம் சொற்பம், வேலையோ கூண்டைச் சுத்தம் செய்வது உட்பட உடலை வருத்துவது. இதற்காகவே பிறந்தேன் என்று எண்ணுபவர்கள் அவர்களிடையே ஏராளம். அப்படி எண்ணுபவர்கள் தம் வேலையை மிக உயர்வாக மதித்தார்கள் என்பதோடு, பணத்தையும் நேரத்தையும் வசதியையும் விட்டுக்கொடுக்க மற்றவர்களைவிட அதிகமாக முன்வந்தார்கள். அதே மனிதர்கள்தான் நிர்வாகத்தின் மீது அதிகச் சந்தேகத்தோடும் இருந்தார்கள். தம் அர்ப்பணிப்பு தமக்கு எதிராகவே பயன்படுத்தப்படலாம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் உண்டு என்பதை 2020-இல் ஜே யுன் கிம் என்பவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு காட்டியது: ஓர் ஊழியர் தம் வேலையை மிகவும் நேசிக்கிறார் என்று சொல்லப்பட்டால், அவரிடம் கூடுதல் சம்பளமின்றிக் கூடுதல் வேலை வாங்குவதும், குடும்பத்துக்கான நேரத்தைப் பறிப்பதும், பணிக்குத் தொடர்பில்லாத எடுபிடி வேலை சொல்வதும் அவ்வளவு தவறில்லை என்று பார்ப்பவர்கள் கருதுகிறார்கள். "அவருக்குத்தான் பிடித்த வேலையாயிற்றே" என்ற நினைப்பு, கொடுக்க வேண்டியதில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டதாகவே கணக்கு எழுதிக்கொள்கிறது.

எதிர்க்கரைக்கு வருவோம். "கோழி மேய்த்தாலும் அரசாங்கத்தில் மேய்க்க வேண்டும்" என்று சொல்லிவைத்தவர்களை ஏளனம் செய்வது எளிது. மாதம் பிறந்தால் பணம் வரும் என்ற உறுதி ஒரு மனிதனுக்குள் என்ன செய்கிறது என்பதை, அது இல்லாமல் இருந்து பார்த்தவர்கள் ஏளனம் செய்ய மாட்டார்கள். பணத்துக்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள தொடர்பு பற்றி டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 75,000 டாலரை எட்டிய பிறகு அன்றாட மகிழ்ச்சி உயர்வதில்லை என்றது. அந்த எண் மேடைதோறும் ஒலித்தது. 2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் அதை மறுத்தார். பிறகு கானமனும் அவரும், பார்பரா மெல்லர்ஸை நடுவராக வைத்துக்கொண்டு, சேர்ந்தே ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட முடிவின்படி, பெரும்பாலோருக்கு வருமானம் உயர உயர மகிழ்ச்சியும் உயர்கிறது. ஏற்கெனவே மிகுந்த துயரத்தில் இருக்கும் ஒரு சிறுபான்மையினருக்கு மட்டுமே அது ஒரு மட்டத்துக்கு மேல் உதவுவதில்லை. பணத்தால் மகிழ்ச்சி வராது என்று இளையவர்களுக்குச் சொல்பவர்கள் இந்த இரண்டாம் பாதியையும் சேர்த்துச் சொல்வது நேர்மை.

ஆனால் சம்பளம் அதிகமானால் மறுக்கும் திறன் தானாக வளர்ந்துவிடும் என்று நான் எண்ணியிருந்தது நடக்கவில்லை. இப்போதைய நிறுவனத்தில் என்னைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்கும் சகாக்கள், விருப்பமில்லாத ஒரு பொறுப்பை வேண்டாம் என்று சொல்ல என்னைவிட அதிகமாக அஞ்சுவதைப் பார்க்கிறேன். வீட்டுக் கடனின் மாதத் தவணை, பிள்ளைகளின் கல்விக் கட்டணம், நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கைக்கு வருமாறு ஒதுக்கப்பட்டிருக்கும் நிறுவனப் பங்குகள் என்று ஒவ்வொன்றும் ஒரு கண்ணியாக இணைந்து பொன்விலங்காகிவிடுகிறது. அந்தப் பங்குகள் முழுவதும் கைக்கு வந்த பிறகு விலகலாம் என்று காத்திருப்பவருக்கு, இடையிலேயே புதிய பங்குகள் ஒதுக்கப்படுகின்றன. தொண்டு நிறுவனத்தில் உயர்ந்த நோக்கம் வாயை அடைத்தது என்றால், இங்கே உயர்ந்த செலவு அடைக்கிறது.

இதை ஒரு சிறு கணக்கால் அளந்துவிடலாம். வருமானத்தில் பாதியைச் சேமிப்பவர், ஒரு மாதம் உழைத்தால் சம்பளமின்றி ஒரு மாதம் வாழ்வதற்கான பணத்தைச் சேர்த்துவிடுகிறார். ஐந்தில் ஒரு பங்கைச் சேமிப்பவருக்கு அதற்கு நான்கு மாதங்கள் வேண்டும். பத்தில் ஒரு பங்கு என்றால் ஒன்பது மாதங்கள். இந்தக் கணக்கில் சம்பளத்தின் அளவு எங்குமே வரவில்லை; செலவுக்குப் பின் எஞ்சும் விகிதம் மட்டுமே வருகிறது. சம்பளம் மிகக் குறைவாக இருக்கும்போது அடிப்படைத் தேவைகளே அதை விழுங்கிவிடுகின்றன, எஞ்சும் விகிதம் பூஜ்யத்தை நெருங்குகிறது என்பதும் உண்மை. நான் திரும்பி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நடுத்தரச் சம்பளத்தைத் தாண்டிய எவரும், அடுத்த உயர்வு தனக்குச் சுதந்திரத்தைத் தரும் என்று சொல்லும்போது இந்த விகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது.

பிழைப்புக்கு ஒரு வேலை, உயிருக்கு இன்னொரு வேலை என்று வாழ்ந்தவர்களில் எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர் 1907-இல் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே வேலை நேரம் நீண்டது, எழுத நேரமில்லை. அடுத்த ஆண்டே பிராகா நகரில் இருந்த தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுக் கழகத்துக்கு மாறினார். மாறியதற்கு முக்கியமான காரணம், அங்கே பிற்பகல் இரண்டு மணிக்கு வேலை முடிந்துவிடும் என்பது. 1922-இல் நோய் காரணமாக ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார், இரவில் எழுதினார், அலுவலகத்தைப் பற்றி வாழ்நாள் முழுவதும் புலம்பினார். அவர் வேலையைத் தேர்ந்தெடுத்த முறையை நான் மதிக்கிறேன்: அந்த வேலை தன்னிடம் எவ்வளவு நேரத்தை மிச்சம் வைக்கும் என்பதையே அவர் பார்த்தார். சம்பளத்தையும் பதவியையும் ஒப்பிடும் அட்டவணைகளில் இந்தப் பத்தி பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது.

அவர் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் கழகத்தில் அவர் எழுதிய அறிக்கைகளில் ஒன்று மரம் இழைக்கும் இயந்திரங்களைப் பற்றியது. சதுர வடிவத் தண்டில் கத்திகள் பொருத்தப்பட்டிருந்த பழைய இயந்திரத்தில், தண்டுக்கும் மேடைக்கும் இடையிலுள்ள அகன்ற இடைவெளிக்குள் தொழிலாளியின் விரல்கள் போய்த் துண்டாகிவிடும். உருளை வடிவத் தண்டு அந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கும் என்பதைப் படங்களோடு அவர் விளக்கினார். தன் உயிரைக் குடிப்பதாக அவர் வெறுத்த அலுவலகத்தில் அமர்ந்துகொண்டு, முகம் தெரியாத மனிதர்களின் விரல்களைக் காப்பதற்காக எழுதியிருக்கிறார். இது அர்த்தமுள்ள வேலையா, வெறும் பிழைப்பா? செய்தவருக்கு ஒரு விடையும், விரல் தப்பிய தச்சருக்கு இன்னொரு விடையும் இருக்கும்.

இராமானுஜன் கதையை, மேதைமை எப்படியும் வழி கண்டுபிடித்துவிடும் என்பதற்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கு அதில் ஓர் எழுத்தர் வேலை கண்ணில் படுகிறது. கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கல்லூரி உதவித்தொகையை இழந்து, சில காலம் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் தந்த பணத்தில் வாழ்ந்து, பிறர் தயவில் நீண்ட நாள் இருக்க மனமில்லாமல், 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் அவர் சேர்ந்தார். அங்கே மேலாளராக இருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஆதரவாக இருந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தைத் தாம் துறைமுகக் கழகத்து எழுத்தர் என்ற அறிமுகத்தோடுதான் அவர் தொடங்கினார். அதே ஆண்டு மே மாதத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்த பிறகே முழுநேரமும் கணிதத்துக்குப் போனார். வெறுங்கையோடு பாய்ந்தவரைப் போல அவரை நினைவில் வைத்திருக்கிறோம். அவர் நின்ற இடங்கள் பலவற்றிலும் காலுக்கடியில் ஏதோ ஒரு மாதத்தொகை இருந்திருக்கிறது.

காலுக்கடியில் இருக்கும் அந்தத் தொகை பல நேரங்களில் வேறொருவருடையது. வின்சென்ட் வான் கோ பிழைப்பைப் பற்றிக் கவலைப்படாமல் வரைந்தார் என்று வியப்பவர்கள், அவருடைய தம்பி தியோவை மறந்துவிடுகிறார்கள். தியோ ஓவிய வணிக நிறுவனத்தில் மேலாளர். ஏறத்தாழப் பத்தாண்டுகள், அண்ணனின் வண்ணத்துக்கும் துணிக்கும் வாடகைக்கும் அவர் சம்பளத்திலிருந்து பணம் போய்க்கொண்டே இருந்தது. மனம் சொன்ன வழியில் போன துணிச்சல்காரர்களை நேரில் சந்திக்கும்போதெல்லாம், கேட்பது நாகரிகமில்லை என்றாலும், வீட்டில் வேறு யார் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலும் ஒருவர் இருப்பார். மனைவியின் ஆசிரியர் வேலை, கணவரின் வங்கி வேலை, அப்பாவின் ஓய்வூதியம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை விட்டுவிட்டுக் கதையைச் சொல்வதுதான், அப்படி ஒருவர் இல்லாத இளைஞனைத் தன்னிடம் துணிச்சல் இல்லையோ என்று நினைக்க வைக்கிறது.

முதலில் சம்பாதித்துவிட்டுப் பிறகு பிடித்ததைச் செய்யலாம் என்பது பலரும் சொல்கிற நடுவழி. சேமிப்பு ஆண்டுக்கு ஏழு விழுக்காடு வளர்ந்தால் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் இரட்டிப்பாகும் என்பதால், இளமையில் சேர்க்கும் பணத்துக்கு வலிமை அதிகம் என்பது சரியே. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு "பிறகு" என்று சொன்னவர்கள் பலர் திரும்பி வராததற்குக் காரணம் பேராசை என்று நான் எண்ணவில்லை. செலவு வளர்ந்துவிடுகிறது, அதைவிட முக்கியமாக, குறைந்த சம்பளத்தில் வாழ்வது எப்படி என்ற பழக்கம் கைவிட்டுப் போகிறது. அதோடு, எல்லாக் கதவுகளும் ஒரே மாதிரி காத்திருப்பதில்லை. கணக்கியலையும் மென்பொருளையும் ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின்னும் கொஞ்சம் சிரமப்பட்டு மீண்டும் பிடித்துவிடலாம். ஆய்வுத் துறை, நடனம், விளையாட்டு போன்றவை அப்படி இல்லை. அங்கே ஐந்தாண்டு என்பது கதவு மூடிவிட்டது என்றுதான் பொருள். திரும்பி வர முடிகிற முடிவை நீண்ட நாள் யோசிப்பதும், திரும்ப முடியாததை அவசரத்தில் எடுப்பதுமாகத்தான் பலர் இருக்கிறார்கள்.

நான் இதுவரை சொன்ன அளவுகோல், அதாவது எந்த வேலை மறுக்கும் திறனை விட்டுவைக்கிறது என்ற அளவுகோல், இந்த இடத்தில் தடுமாறுகிறது. நண்பர் ஒருவரின் மகளுக்கு, பூஞ்சைகளைப் பற்றிய ஆய்வில் சேர இரண்டாண்டு உதவித்தொகையும், ஒரு மருந்து நிறுவனத்தில் அதைப்போல மூன்று மடங்கு சம்பளத்தில் நிரந்தர வேலையும் ஒரே வாரத்தில் கிடைத்தன. பெற்றோருக்கு வருமானம் இல்லை, சேமிப்பும் இல்லை. என் கணக்கின்படி அவள் நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் அத்தகைய நிறுவன வேலை இரண்டாண்டு கழித்தும் கிடைக்கும். ஆய்வுக்கான இடம் கிடைக்காது. "மாமா, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று அவள் கேட்டபோது, அந்த இரண்டாண்டுகளில் வீட்டுச் செலவை யார் ஏற்பார்கள் என்பதைத் திருப்பிக் கேட்டேன். அண்ணன் ஏற்பான் என்றாள். அவனும் வேறு எதையாவது விரும்பிக் காத்திருக்கிறானா என்று கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. அன்று மாலை அவனிடம் கேட்டிருக்கிறாள். பாதியில் விட்ட முதுகலைப் படிப்பை முடிக்க வேண்டும் என்றானாம். இரண்டாண்டு முடிந்ததும் அவள் வேலைக்குப் போக வேண்டும், அதன்பின் இரண்டாண்டுகள் அவனுக்கு என்று இருவரும் தேதி குறித்திருக்கிறார்கள். அவள் சென்ற மாதம் ஆய்வில் சேர்ந்துவிட்டாள்.